ரஸீன் நானாவின் பேரில் நான் எழுதிய பிழை

செய்தி வந்தபோது நான் அவர் போட்டுத் தந்த வெளிச்சத்தில் இருந்தேன். ஹுன்னஸ்கிரியவில் ஒரு தோட்டத்து டிஸ்பென்சரிக்கு முன்னால் எங்கள் நடமாடும் கண் வண்டி நின்றது. வெளியே நல்ல மழை. வண்டிக்குள் ஒரு பெரியவரின் நாடியைக் கண் பார்க்கும் கருவியின் தாங்கியில் வைத்து, "அசையாம இருங்க ஐயா" என்று சொல்லி விளக்கை அவர் கண்ணுக்கு நேரே கொண்டுவந்தபோது, சாரதி செல்வம் கதவைத் திறந்தார். கையில் தொலைபேசி இருந்தது. முகத்தைப் பார்த்ததுமே ஏதோ நடந்துவிட்டது என்று விளங்கியது. "மிஸ், நம்ம ரஸீன் நானா தவறிட்டாராம்" என்றார்.

காலையில் திகனயில் கடையைத் திறந்து, ஒரு லொறியின் டைனமோவைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்று கதிரையில் இருந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு வயது. பிற்பகல் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்றார்கள். எங்கள் வரிசையில் இன்னும் பதினொரு பேர் இருந்தார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட்டு நான் ஓடியிருந்தால் அந்த மனிதரே என்னை ஏசியிருப்பார். பதினொரு பேரையும் பார்த்து முடித்தேன். எப்படிப் பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.

தெல்தெனிய வழியாக இறங்கி நாங்கள் திகனக்கு வந்து சேர்ந்தபோது ஜனாஸா புறப்பட்டுவிட்டது. செல்வம் வண்டியை நிறுத்திய கையோடு அடக்கம் செய்யும் மையவாடிக்கு ஓடினார். நான் வீட்டுக்குள் பெண்களோடு இருந்தேன். அவருடைய மனைவி நஸீமா ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நேத்தும் ஒங்கட வண்டியத்தான் சொன்னாங்க மிஸ். கூரையில சோலர் தகட்டுக்கு மேல எல விழுந்து கெடக்கும், செல்வத்துக்கிட்ட சொல்லித் தொடைக்கச் சொல்லணும் என்டு." நான் அழத் தொடங்கினேன். அழுகிற வீட்டுக்குப் போய், அந்த வீட்டுக்காரியை என்னைத் தேற்ற வைத்தேன். அவர் என் காதோடு இன்னொன்றும் சொன்னார்: "அவங்களுக்கு ஒங்கள்ல மனசில ஒன்டும் இருக்கல்ல மிஸ்." ஏன் அப்படிச் சொன்னார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

ரஸீன் நானாவை அறிந்தவர்களே, எங்கள் கண் வண்டியில் ஏறி இறங்கியவர்களே, முக்கியமாக ஒரு நாள் தெல்தோட்டைக் கோயில் மண்டபத்தில் காத்திருந்து கண் பார்க்காமலே திரும்பிப் போனவர்களே, இதை உங்களுக்காகவே எழுதுகிறேன். அவரைப் பற்றி அன்று நான் உங்கள் முன்னால் உரத்த குரலில் ஒன்று சொன்னேன். அதைத் திரும்பப் பெற எனக்கு இதைவிட்டால் வேறு வழியில்லை.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். அது கண் பார்ப்பதற்காகச் செய்த வண்டி அல்ல. சுற்றுலாப் பயணிகள் உள்ளேயே சமைத்து, உள்ளேயே படுத்து, ஊர் ஊராகப் போவதற்குக் கட்டியது. கட்டில், சின்ன சிங்க், மூலையில் ஒரு ஃபிரிட்ஜ், கூரையில் சோலர் தகடு. அதை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவர் தொழிலை விட்டபோது, கண்டியில் நாங்கள் சிலர் நடத்தும் கண் சேவைக்குக் கொடுத்துவிட்டார். கட்டில் இருந்த இடத்தில் கருவிகளை வைத்தோம். ஃபிரிட்ஜில் சொட்டு மருந்து வைத்தோம். எல்லாம் நன்றாக இருந்தது, கரண்ட் மட்டும் தன் இஷ்டத்துக்கு வந்து போனது. விளக்கைப் போட்டால் ஃபிரிட்ஜ் நின்றது. தண்ணீர்ப் பம்பைப் போட்டால் விளக்கு மங்கியது. இரண்டு கடைக்காரர்கள் பார்த்து, இரண்டு தடவை புதிய பெட்டரி வாங்க வைத்தார்கள். மூன்றாவதாகத்தான் திகனக்குப் போனோம்.

ரஸீன் நானா எதையும் கழற்றவில்லை. வண்டிக்குள் ஏறி, "எல்லாத்தையும் போடுங்க மிஸ். லைட், ஃபேன், பம்ப், ஒன்டும் விடாதீங்க" என்றார். போட்டால் நின்றுவிடுமே என்றேன். "நிக்கட்டும். நிக்கிறதத்தான் நான் பாக்க வந்தது." நின்றது. அவர் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் பெட்டரியில் வைத்துப் பார்த்தார், பிறகு ஃபிரிட்ஜுக்குப் பின்னால் படுத்து அங்கே வைத்துப் பார்த்தார். பெட்டரியில் பன்னிரண்டுக்கு மேல் இருந்த வோல்ட், ஃபிரிட்ஜில் பத்தாகி இருந்தது. "சும்மா இரிக்கக்குள்ள எல்லாப் பெட்டரியும் நல்ல பெட்டரிதான் மிஸ். பாரம் குடுத்துப் பாக்கணும்" என்றார். பன்னிரண்டு வோல்ட் வண்டியில் இரண்டு வோல்ட் தொலைவது சின்ன விஷயமல்ல என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அது எங்கே தொலைகிறது என்பதையும் அவரே காட்டினார். பெட்டரியிலிருந்து சிவப்பு வயர் வழியாகப் போகும் கரண்ட், விளக்கையும் ஃபிரிட்ஜையும் ஓட்டிவிட்டு, வண்டியின் இரும்பு உடம்பு வழியாகத்தான் பெட்டரிக்குத் திரும்புகிறது. திரும்பி வரும் அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கேபிளைப் பெயின்டுக்கு மேலேயே போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். "போற வழிய எல்லாரும் பாக்கிறாங்க. திரும்பி வாற வழிய ஒருத்தரும் பாக்கிற இல்ல" என்று சொல்லிக்கொண்டே பெயின்டைச் சுரண்டினார். ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு இரும்பு கண்ணாடி போலத் தெரியும்வரை சுரண்டி, கேபிளைப் பொருத்தினார். "இந்த எடம் எப்பவும் இப்பிடியே பளிச்சென்டு இரிக்கணும். பாத்துக்கோங்க." நான் எல்லாம் விளங்கியவள் போலத் தலையாட்டினேன்.

வேலை முடிந்தால் தேநீர் குடிப்பார் என்று நஸீமா ராத்தா கொண்டுவந்து வைத்தார். அவர் தொடவில்லை. எல்லாவற்றையும் போட்டுவிட்டு, வண்டிப் படியில் உட்கார்ந்து அரை மணித்தியாலம் காத்திருந்தார். இதைத்தான் அவரை அறிந்த எல்லோரும் சொல்லிச் சிரிப்போம். ரஸீன் நானாவின் கடையில் தேநீர் எப்போதும் ஆறித்தான் இருக்கும். பாரத்தோடு விளக்கு அரை மணித்தியாலம் அணையாமல் எரிந்த பிறகுதான் கோப்பையை எடுப்பார். எனக்குப் பொறுமை கிடையாது, வாயும் நீளம். "நானா, இது கலியாணமா, முகூர்த்தம் பாக்க?" என்பேன். "கலியாணத்தில பாரம் பாக்காமத்தானே மிஸ் கட்டிக் குடுக்கிறாங்க" என்பார். நஸீமா ராத்தா உள்ளேயிருந்து, "கேக்குது, கேக்குது" என்பார்.

இனி ஒரு சரஸ்வதி பூசையைச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருடமும் செல்வம் வண்டியைக் கழுவும் அழகைப் பார்க்க வேண்டும். பிள்ளையைக் குளிப்பாட்டுவது போல் மூலை முடுக்கெல்லாம் தேய்ப்பார். அந்த வருடம் பெட்டரியையும் இறக்கி, அது இருந்த தட்டைக் கழுவி, கறுப்புக் கேபிளையும் கழற்றி வைத்திருந்தார். நான் சந்தனம் குழைத்து எடுத்துப்போய் ஸ்டியரிங்குக்கு, சக்கரங்களுக்கு, கண் பார்க்கும் கருவிகளுக்கு எல்லாம் பொட்டு வைத்தேன். பெட்டரித் தட்டுக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன வட்டம் பளபளவென்று இருந்தது. "அது வண்டியோட நெத்தி மாதிரி இருக்குல்ல மிஸ்" என்றார் செல்வம். நானும் சிரித்துக்கொண்டே அதில் தாராளமாகச் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். பிறகு தேங்காய் உடைத்தோம், பொரி கடலை சாப்பிட்டோம். செல்வம் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டினார். நான் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துத் தெல்தோட்டை. கோயில் மண்டபத்தில் முகாம். ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு வந்தவர்கள், பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள், சூரியன் வரும் முன்னே வந்து வரிசையில் இடம் போட்டவர்கள். கண் டாக்டரை அந்த ஒரு நாளைக்கு மட்டும் கெஞ்சிக் கூட்டிவந்திருந்தோம். விளக்குகள் எரிந்தன, ஃபிரிட்ஜும் ஓடியது. கண்ணின் அழுத்தம் பார்க்கும் மெஷினைப் போட்டதும், அதற்குக் கரண்ட் கொடுக்கும் இன்வர்ட்டர் கீச்சிட்டுவிட்டு நின்றது. திரும்பப் போட்டோம், திரும்ப நின்றது. மூன்றாம் தடவை உள்ளிருந்த விளக்குகளும் சேர்ந்து மங்கின. திகனக்குத் தொலைபேசி எடுத்தேன். ரஸீன் நானா மோட்டார் சைக்கிளில் தலாத்துஓயா வழியாக அத்தனை வளைவுகளையும் ஏறி வந்து சேர்ந்தபோது பகல் ஒன்றரை தாண்டியிருந்தது. டாக்டர் போய்விட்டார். வரிசையும் பாதி கலைந்துவிட்டது.

அவர் வழக்கம்போல மீட்டரை எடுத்துக்கொண்டு செல்வத்தோடு பெட்டரிப் பக்கம் குனிந்தார். கால் மணித்தியாலத்தில் எழுந்து வந்தார். "வண்டி சரி மிஸ். நாளைக்கே ஓட்டலாம்" என்றார். என்ன பிழை என்று கேட்டேன். எல்லோரும் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கோயில் நிர்வாகத்துப் பெரியவர்களும் நின்றார்கள். அவர் ஒரு கணம் செல்வத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "என்ட பக்கம் பிழை மிஸ். நான் இறுக்கினது சரியில்ல" என்றார்.

நான் அந்த மண்டபம் முழுவதும் கேட்கும்படி பேசினேன். இந்த மனுசருடைய கவலையீனத்தால்தான் இன்றைக்கு நீங்கள் எல்லோரும் சும்மா திரும்பிப் போகிறீர்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவர் குனிந்த தலை நிமிராமல் சாமான்களைப் பெட்டிக்குள் வைத்தார். புறப்படும்போது வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "மன்னிச்சுக்கோங்க" என்று மட்டும் சொன்னார். அன்று நான் முகாம்களைக் குறித்துவைக்கும் வண்டிக் கொப்பியில், தெல்தோட்டை என்று எழுதி அதற்கு எதிரே "எலக்ரீசியன் ரஸீன் பிழை" என்று எழுதினேன். எழுத்துகூட அழுத்தமாகத்தான் விழுந்திருக்கிறது.

நாளைக்கே ஓட்டலாம் என்றாரே, அதையும் நான் நம்பவில்லை. வண்டியைக் கண்டியில் வேறொரு கடையில் கொண்டுபோய் விட்டேன். வயர் முழுவதையும் மாற்ற வேண்டும் என்றார்கள், மாற்றுங்கள் என்றேன். இன்று நாளை என்று மூன்று மாதம் வண்டி அங்கேயே கிடந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு மீண்டும் தெல்தோட்டைக்குப் போனபோது பாக்கியம் அக்கா வந்தார். தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். முதல் தடவை நாள் முழுவதும் காத்திருந்து, "பரவாயில்லங்க, அடுத்த தடவ வாறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். இடது கண்ணில் அழுத்தம் ஏறிப்போய், அந்தப் பக்கப் பார்வை அநேகமாக முடிந்திருந்தது. இது முன்னமே தொடங்கியிருக்கும், மூன்று மாதத்தால்தான் போனது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்கு அது காதில் ஏறவில்லை. திகனக்குத் தொலைபேசி எடுத்து, "பாக்கியம் அக்காவுக்கு ஒரு கண்ணு போயிடுச்சு நானா. அந்தக் கண்ணுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்றேன். "சொல்றன் மிஸ்" என்றார்.

இவ்வளவும் பேசிய பிறகும் அவரிடமே திரும்பப் போனேன், அதுதான் என் இலட்சணம். புதிய கடை போட்ட வயர் ஒன்று சூடேறி, வண்டிக்குள் ஒரு நாள் பிளாஸ்டிக் கருகும் மணம் வந்தது. பயந்துபோய் வேறு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் திகனக்கு எடுத்தேன். "வாறன்" என்றார். வந்து, ஃபியூஸ் இல்லாமல் போட்டிருந்த அந்த வயரைக் கண்டுபிடித்து மாற்றினார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவர் எதுவும் நடக்காதது போல, "ராத்தா உங்களுக்கு வட்டிலப்பம் குடுத்தனுப்பினா" என்று ஒரு டப்பாவை நீட்டினார். அடுத்த சரஸ்வதி பூசைக்கு நாலு நாள் இருக்கும்போது, கேட்காமலே ஒரு சின்னப் பித்தளைத் தகட்டைக் கொண்டுவந்து, சாரதியின் ஆசனத்துக்கு மேலே இரண்டு திருகாணி போட்டு இறுக்கினார். "பொட்டு வைக்கிறதென்டா இதில வைங்க மிஸ். பெட்டரிப் பக்கம் கைய போடாதீங்க, அசிட் பட்டுக் கை வெந்திடும்." என் கைமேல் அவருக்கு எவ்வளவு அக்கறை என்று நான் நினைத்தேன்.

அதன் பிறகு ஏழு வருடம். ஏழு வருடமும் அவர்தான் வண்டியைப் பார்த்தார். பெட்டரி பழசாகி மாற்றும்போதெல்லாம், "பழைய பெட்டரிய நான் எடுக்கட்டா மிஸ்?" என்று கேட்பார். "பழைய சாமான் யாவாரமும் தொடங்கியாச்சா நானா" என்று கேலி செய்வேன். இன்னொரு கேலியும் எனக்கு இருந்தது. முகாமுக்குப் புறப்படும்போது தொலைபேசி எடுத்து, "இன்னைக்குத் தெல்தோட்டை மாதிரி ஆக்கிட மாட்டீங்கதானே?" என்பேன். ஏழு வருடமும் அதே கேலி. "இல்ல மிஸ், இந்த மொற சரியா இறுக்கி இரிக்கன்" என்பார். ஒரு தடவைகூட அவர் குரல் மாறவில்லை. மாறியிருந்தால் நான் கேட்டிருப்பேன்.

அடக்கம் முடிந்து செல்வம் வந்தார். நாங்கள் திகனயிலிருந்து கண்டிக்குத் திரும்பினோம். குண்டசாலையைத் தாண்டுவதற்கு முன் வண்டியை ஓரமாக நிறுத்தினார். என்ஜினையும் நிறுத்தினார். கை இரண்டும் ஸ்டியரிங்கில் இருந்தன.

"மிஸ், ஒன்னு சொல்லணும். எட்டு வருசமா சொல்லாம இருக்கேன். நானா சத்தியம் வாங்கிட்டாரு. இப்ப அவரே இல்ல."

"சொல்லுங்க."

"தெல்தோட்டையில அன்னைக்கு அவரு அந்தக் கறுப்புக் கேபிளோட ஏர்த் போல்ட்டக் கழட்டினப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். கேபிளுக்கு அடியில சந்தனம் காஞ்சு கட்டியா இருந்துச்சு மிஸ். குங்குமமும். சுத்திப் பச்சையா களிம்பு பூத்துக் கெடந்துச்சு. நம்ம பூசையில வச்சது. அதான் கரண்டு திரும்பி வர வழி இல்ல. நான் பூட்டினது, எனக்கும் தோணல."

நான் வைத்தது என்று அவர் சொல்லவில்லை. நம்ம வைத்தது என்றுதான் சொன்னார்.

"ஏன் சொல்லல? அவர் ஏன் சொல்லல?"

"நான் போய்ச் சொல்றேன்னுதான் எந்திரிச்சேன். கையப் புடிச்சிட்டாரு. 'செல்வம், இந்தக் கோயில் மண்டபத்தில நின்டுகொண்டு, நான் ஒரு முஸ்லிம் மனுசன், ஒங்கட பூசப் பொட்டாலதான் வண்டி நின்டது என்டு சொன்னா, அது வயர் கதையா இரிக்காது. வேற கதையாகிடும். என்ட பிழை என்டு சொன்னா இன்டைக்கோட முடிஞ்சிடும்' அப்படின்னாரு."

அன்றோடு முடியவில்லையே. அதை முடியவிடாமல் ஏழு வருடம் இழுத்தவள் நான்தானே. செல்வம் இன்னும் பேசினார். பாக்கியம் அக்காவின் கண் போன பிறகு, இனியாவது சொல்லிவிடலாம் என்று இவர் திகனக்கே போயிருக்கிறார். ரஸீன் நானா மறுத்துவிட்டாராம். "'இப்ப சொன்னா மிஸ் இந்த வண்டியில இனி ஏற மாட்டாங்க. அவங்க ஏறாட்டி இன்னும் எத்தன கண்ணு போகும்'னு கேட்டாரு."

அவர் நினைத்தது சரி. நான் ஏறியிருக்க மாட்டேன். என்னை அவ்வளவு சரியாக அளந்து வைத்திருந்த மனிதரை நான் ஒரு நாளும் அளந்து பார்க்கவில்லை. மனம் வெடித்து அழுதேன். செல்வமும் அழுதார். வீதியில் போனவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நஸீமா ராத்தா காதோடு சொன்னதும் அப்போதுதான் விளங்கியது. அவருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் எனக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

வீட்டுக்குப் போனதும் வண்டிக் கொப்பியைத் தேடி எடுத்தேன். "எலக்ரீசியன் ரஸீன் பிழை" என்ற வரியை வெட்ட மனம் வரவில்லை. வெட்டினால் நான் அப்படி எழுதினேன் என்பதும் சேர்ந்து மறைந்துவிடும். அதன் கீழே, "இல்லை. கேபிளின் கீழே சந்தனம் வைத்தது நான்" என்று எழுதி என் பெயரைப் போட்டேன். ஆனால் கொப்பியை யார் படிக்கப் போகிறார்கள்? நான் யாருக்குப் பதில் சொல்ல வேண்டுமோ அவர் தெல்தோட்டையில் இருந்தார். மறு ஞாயிற்றுக்கிழமை செல்வத்தோடு புறப்பட்டேன்.

பாக்கியம் அக்கா குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்கு நான் அதற்கு முன் போனதில்லை. அவர்தான் எங்களிடம் வருவார். லயத்துக்குப் பின்னால் பைப்படிக்கும் கக்கூசுக்கும் இறங்கும் கல் படிகள், ஒன்பதோ பத்தோ, ஒன்றுக்கொன்று உயரம் சரியில்லாதவை. படிகளின் ஓரத்தில் ஒரு கம்பு நட்டு, அதில் சின்ன விளக்கு ஒன்று கட்டியிருந்தது. கூரைத் தகரத்தில் புத்தக அளவில் ஒரு சோலர் தகடு. வயர்கள் ஒவ்வொன்றிலும் சிவப்பு, கறுப்பு நூல் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அந்த முடிச்சு யாருடையது என்று எனக்குத் தெரியும். எங்கள் வண்டி முழுவதும் அதுதான் இருக்கிறது. கூரைத் தாழ்வாரத்தில், ஒரு பலகைப் பெட்டிக்குள், எங்கள் வண்டியின் பழைய பெட்டரி இருந்தது.

"வாங்க மிஸ், வாங்க தம்பி" என்ற பாக்கியம் அக்கா எங்களுக்குப் பின்னால் பார்த்தார். "நானா வரலீங்களா? இந்த மாசம் வரணுமே."

செல்வம் வெளியே போய்விட்டார். நான்தான் சொன்னேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல உட்கார்ந்தார்.

"கண்ணு போச்சுல்ல, அந்த வருசமே வந்துட்டாரு மிஸ்" என்றார். "இடது பக்கம் தெரியாதுல்ல, படியில விழுந்துருவீங்கக்கான்னு இந்த லைட்டப் போட்டுக் குடுத்தாரு. அப்பறம் மூனு மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. பெட்டரிக்குத் தண்ணி ஊத்துவாரு, மேல ஏறித் தகட்டத் தொடப்பாரு. ஒரு வாய் தேத்தண்ணி குடிங்க நானான்னா, இருங்க, லைட்டு எரியட்டும்னு ஆற வச்சுத்தான் குடிப்பாரு. ஏன் நானா இம்புட்டுத் தூரம் வந்து சிரமப்படுறீங்கன்னு ஒரு தடவ கேட்டேன். 'ஒரு ஆளுக்குப் பதில் சொல்றன் என்டு சொல்லிட்டன் அக்கா'ன்னாரு. யாரு என்னான்னு நானும் கேக்கல."

நான் அவருடைய காலடியில் தரையில் உட்கார்ந்தேன். பூசையில் சந்தனம் வைத்ததைச் சொன்னேன். வண்டி அன்றே சரியாகிவிட்டதைச் சொன்னேன். சரியான வண்டியை மூன்று மாதம் கடையில் போட்டு வைத்தது நான் என்றும், அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் நான் என்றும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை. அவருடைய நல்ல கண் என்மேல் இருந்தது. அதில் கோபம் இருந்ததா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஏச மாட்டாரா என்று ஏங்கினேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை, நானும் அதைக் கேட்டுப் போகவில்லை.

அவர் படிப் பக்கம் திரும்பி அந்தப் பெட்டரிப் பெட்டியைக் காட்டினார்.

"இதுக்கு இனி யாரு மிஸ் தண்ணி ஊத்துறது?"

"நான் ஊத்துறேன் அக்கா" என்றேன்.

திகனக்குப் போய் நஸீமா ராத்தாவிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டு வாங்கினேன். அவருடைய கடைசிப் பயணத்தில் பாதி தீர்ந்திருந்த பெட்டரித் தண்ணீர்ப் போத்தல், வாயில் ஒரு சின்னக் குழாய் செருகியது. அவருடையதில் நான் வைத்துக்கொள்வது இதைத்தான். சென்ற வாரம் முதல் தடவையாக ஊற்றினேன். உள்ளே தகடுகள் மூழ்கினால் போதும், அதற்கு மேல் ஊற்றக் கூடாது என்று அவர் எப்போதோ சொன்னது நினைவிருந்தது. கூரையில் ஏறிச் சோலர் தகட்டில் கிடந்த இலைகளைத் துடைத்தேன். கறுப்பு நூல் சுற்றிய வயரைக் கழற்றி, திரும்பி வரும் வழி சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டினேன். பிறகு விளக்கைப் போட்டேன். பாக்கியம் அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்தார். அதைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்தக் கல் படியில் அரை மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன். விளக்கு அணையவில்லை. தேத்தண்ணீர் ஆறியிருந்தது. எடுத்துக் குடித்தேன்.